உடலென்னும் பொறியும் தமிழ் மாணாக்கர் கடனும்

மனிதனுக்கு அவன் உடம்பினும் அண்மையிலுள்ள பொருள் பிறிதொன்றில்லை. உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அவன் அதனைப் பிரிவதில்லை. ஆயினும், அவ்வுடம்பு நிற்பதும் நடப்பதும் குனிவதும் சுமப்பதும் எவ்விதிகளுக்கு அடங்கி நிகழ்கின்றன என்று வினவினால், கற்றாரும் பெரும்பாலும் வாய்வாளாதிருப்பர். கப்பியில் தொங்கும் கல்லின் விசையைக் கணக்கிட்டு நன்மதிப்பெண் பெறும் பௌதிக மாணாக்கர் பலர் நம்மிடை உளர். தம் முழங்கையில் விழும் விசையைக் கணக்கிட்டவர் அவருள் எத்துணையர்? எலும்புகளின் பெயர்களை வரிசை பிறழாது ஒப்பிக்கும் உயிர்நூல் மாணாக்கரும் பலர் உளர். அவ்வெலும்புகள் எத்துணைப் பாரத்தைத் தாங்குகின்றன என்பதை அறிந்தவர் அவருள் எத்துணையர்? இவ்விரு கல்விக்கும் இடையே உழப்படாது கிடக்கும் நிலமே உடலியக்க விசையியல். அதனைக் கற்க விரும்புவோர்க்கு உரிய கருவிகள் எவை, அவை எங்குள, தமிழில் அவை அருகியிருப்பதேன், அக்குறையை நீக்கற்பாலார் யாவர் என்பனபற்றி என் கருத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவனுக்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இக்கல்வியின் இயல்பை விளக்க ஓர் எளிய கணக்கைக் காண்போம். முழங்கையை மடித்து, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டி, உள்ளங்கையில் 5 கிலோ எடையுள்ள பொருளொன்றை ஏந்தி நிற்பதாகக் கொள்க. முழங்கை மூட்டிலிருந்து அப்பொருள் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. அதனை ஏந்தும் இருதலைத் தசையோ, மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தொலைவிலேயே முன்கையெலும்பைப் பற்றியிருக்கின்றது. நெம்புகோல் விதிப்படி, 5ஐ 35ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44 கிடைக்கும். முன்கையின் எடையை விட்டுவிட்டாலும், 5 கிலோவை ஏந்தத் தசை 44 கிலோ எடைக்கு நிகரான விசையால் இழுக்கின்றது. இஃதென்ன வீண்செலவு என்று தோன்றலாம். அற்றன்று. தசை சிறிதளவே சுருங்கினும், அது கொண்டு கை நெடுந்தொலைவு விரைந்து இயங்குகின்றது. வலிமையைக் கொடுத்து விரைவை வாங்கும் வாணிகம் அது. பந்தெறிவோன் கையின் வேகமும், நெசவாளி நாடாவை ஓட்டும் வேகமும் இவ்வாணிகத்தின் ஊதியமே.

இனி, இக்கல்வி வெறும் வேடிக்கையன்று, துன்பம் நீக்கும் கருவியுமாம் என்பதற்கு மற்றொரு சான்று கூறுவேன். இடுப்பு மூட்டில் நோயுற்ற முதியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி நடக்கின்றார். வலப்பக்கத்து மூட்டில் நோயாயின், தடியை அவர் எக்கையிற் பிடித்தல் வேண்டும்? நோயுள்ள பக்கத்திலேயே பிடித்தல் வேண்டுமென்று பலரும் எண்ணுவர். மருத்துவரோ இடக்கையிற் பிடிக்குமாறு கூறுவர். காரணம் கணக்கில் உள்ளது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் வலக்காலொன்றால் நிற்குங்கால், அக்காலின் எடை போக ஏறக்குறைய 50 கிலோவை அம்மூட்டுத் தாங்குதல் வேண்டும். அவ்வெடையின் கோடு மூட்டிற்கு உள்ளே 10 சென்டிமீட்டர் அளவில் விழ, இடுப்புச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் தசை மூட்டிற்கு வெளியே 5 சென்டிமீட்டர் அளவில் உள்ளது. ஆகவே தசையின் விசை 100 கிலோ. மூட்டின்மேல் விழும் பாரம் 50உம் 100உம் கூடி 150 கிலோ. உடலெடையினும் இரண்டரை மடங்கு! இப்போது இடக்கையில் தடியைப் பிடித்து, அதன்மேல் 8 கிலோ அளவே அழுத்துவாராக. தடி மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் ஊன்றப்படுவதாயின், 500 ஆக இருந்த சாய்க்கும் திறனில் 320 கழிந்து 180 எஞ்சும். தசை 36 கிலோ அளவே இழுத்தாற் போதும். மூட்டின் பாரம் 50உம் 36உம் கூடி 8 கழிய, 78 கிலோவாகக் குறையும். எட்டுக் கிலோ ஊன்றுதலால் எழுபத்திரண்டு கிலோ குறைகின்றது! உண்மையில் தசை சாய்ந்து இழுக்குமாதலின் எண்கள் சிறிது வேறுபடும், நெறியோ வேறுபடாது. மருத்துவர் கூறிய ஒருவரி அறிவுரைக்குள் இத்துணைக் கணக்கு அடங்கியிருக்கின்றது. காரணமறியாது கேட்கும் முதியவர் நாலு நாளில் தடியைப் பழைய கைக்கே மாற்றிக்கொள்வர். காரணமறிந்தவரோ அவ்வாறு செய்யார்.

சுமை தூக்குதலும் இத்தகையதே. 20 கிலோ மூட்டையை முதுகெலும்பின் அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னே நீட்டிப் பிடித்தால், 5 சென்டிமீட்டர் பின்னுள்ள முதுகுத் தசை அம்மூட்டைக்காக மட்டும் 160 கிலோ அளவில் இழுத்தல் வேண்டும். அதனையே உடலோடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குள் கொணர்ந்தால் 80 கிலோவாகும். சுமை ஒன்றே, வருத்தமோ பாதி. சந்தையில் மூட்டை சுமப்போர் சும்மாடு கட்டித் தலைமேல் ஏற்றுவதன் நுட்பமும் இதுவே. பாரம் முதுகெலும்பிற்கு நேர்மேலே நிற்குமாதலின் முன்னே சாய்க்கும் திறன் இல்லையாகின்றது. நம் பழைய பெருவழிகளில் இன்றும் ஆங்காங்கே நிற்கும் சுமைதாங்கிக் கற்களை நோக்குமின். கருவுற்ற நிலையில் இறந்த மகளிரின் நினைவாகப் பலவும் நாட்டப்பெற்றவை அவை. அவற்றின் உயரம் ஏறக்குறைய நின்றவர் தோளளவு. வழிச்செல்வோன் சுமையைத் தரையில் இறக்கி மீண்டும் குனிந்து தூக்க வேண்டாவாறு, நின்ற நிலையிலேயே கல்மேல் தள்ளி, இளைப்பாறி, நின்ற நிலையிலேயே தலைமேல் ஏற்றிக்கொள்ளலாம். கல்தச்சர் விசையியல் நூல் கற்றிலர். ஆயினும் உடம்பின் வருத்தத்தைக் கற்றிருந்தனர்.

நிற்க. இக்கல்வியைப் பெற விரும்பும் மாணாக்கன் நூல்நிலையம் புகுவானாயின் என் காண்கின்றான்? உடற்கூற்று நூல்கள் ஓர் அலமாரியில் உள்ளன. அவற்றுள் தசையின் பெயரும் தோன்றுமிடமும் சேருமிடமும் உண்டு, எண் இல்லை. பௌதிக நூல்கள் வேறோர் அலமாரியில் உள்ளன; அவற்றுள் எண் உண்டு, உடம்பு இல்லை; ஏணியும் பாலமும் வண்டியுமே உண்டு. உடற்பயிற்சி நூல்கள் மூன்றாவதோர் அலமாரியில் உள்ளன. அவற்றுள் இவ்வாறு செய்க என்னும் விதி உண்டு, ஏன் என்னும் காரணம் இல்லை. மூன்று அலமாரிக்கும் இடையே நின்று மயங்குகின்றான் மாணாக்கன். கருவி இல்லையென்பது குறையன்று. கருவிகள் சிதறிக் கிடத்தலே குறை.

இச்சிதறலை முதன்முதல் ஒன்றுகூட்டியவருள் தலைமையானவர் இத்தாலிய கணித அறிஞர் பொரேல்லி என்பவர். 1608ஆம் ஆண்டிற் பிறந்து 1679ஆம் ஆண்டில் இறந்த அவர் இயற்றிய ‘விலங்குகளின் இயக்கம்’ என்னும் இலத்தீன் நூல், அவர் மறைந்தபின் 1680, 1681ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. தசைகள் மூட்டிற்கு மிக அண்மையிற் பற்றியிருத்தலின், தூக்கும் பாரத்தினும் பன்மடங்கு விசை செலுத்துகின்றன என்பதை அவர் படம் வரைந்து கணக்கிட்டுக் காட்டினார். மனிதனைப் பலகைமேற் கிடத்தி, அப்பலகையைக் கூரிய விளிம்பொன்றின்மேல் நிறுத்தி, உடம்பின் எடைமையம் எங்குள்ளதென்றும் தேடினார். 1836ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய வேபர் உடன்பிறந்தார் இருவர் மனித நடையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அவருள் ஒருவர் பௌதிகர், மற்றவர் உடற்கூற்று ஆசிரியர். 1895ஆம் ஆண்டு முதல் பிரவுனே, பிஷர் என்பார் மனித நடையை முப்பரிமாணத்தில் அளந்து எழுதியவற்றுள்ளும் ஒருவர் உடற்கூற்றினர், மற்றவர் கணிதர். இக்கல்வி வளர்ந்த வரலாறு முழுமையும் இருவேறு துறையார் ஒரு மேசையில் அமர்ந்த வரலாறே என்பதை ஈண்டு மனத்திற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இற்றைநாளில் ஆங்கிலத்தில் இதற்கு நூற்குறையில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காலேஜ் பிசிக்ஸ்’ என்னும் பாடநூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. அதன் ஒன்பதாம் அதிகாரத்தில் தசைகளிலும் மூட்டுகளிலும் எழும் விசைகளைப்பற்றித் தனிப்பகுதி உண்டு. தொடக்கநிலை மாணாக்கர்க்கு அதனினும் சிறந்த வாயில் இல்லை என்பேன். அதனைக் கடந்தோர்க்கு இர்விங் ஹெர்மன் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிசிக்ஸ் ஆஃப் தி ஹியூமன் பாடி’ என்னும் பெருநூலும், நடையையும் தசையையும் ஆராய்வோர்க்கு டேவிட் விண்டர் எழுதிய நூலும் உள. உடலுறுப்பு ஒவ்வொன்றும் முழுவெடையில் எத்துணைப் பங்கென அறிய, டெம்ப்ஸ்டர் என்பார் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவைகளை ஆராய்வோர் நெடுங்காலம் கையாண்டனர். இந்திய தொழில்நுட்பக் கழகங்களின் ஆசிரியர்கள் நிகழ்த்திய விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். வாயிலாக யார்க்கும் திறந்துள்ளன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘ஓப்பன்சிம்’ என்னும் கணினி நிரல் எலும்பும் தசையும் இயங்குமாற்றைத் திரையிற் காட்டுகின்றது, அதற்கும் விலையில்லை. ஏழை மாணாக்கனும் இவற்றைப் பெறலாம், ஆங்கிலம் தடையாகாவிடின்.

நூல் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். இத்துறையில் பழைய நூலிற் கண்டதனைத்தும் முடிந்த முடிபன்று. சுவீடன் நாட்டு நாக்கெம்சன் என்னும் மருத்துவர் 1960ஆம் ஆண்டுகளில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதினும் சாய்மானமின்றி அமர்வதில் அழுத்தம் மிகுதி என்று கண்டார். பல பாடநூல்கள் அதனை எடுத்தாண்டன. 1999ஆம் ஆண்டில் வில்கே முதலியோர் ஒருவர் முதுகில் நுண்கருவி வைத்து அளந்தபோது, அமர்தலின் அழுத்தம் நிற்றலினும் மிகவில்லை. ஆனால் 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கலும், முழங்கால் மடக்கித் தூக்கியபோது 1.7 மெகாபாஸ்கலும் காட்டியது அக்கருவி. இயல்பாக நிற்கும்போது 0.5 அளவே. ஆகவே கற்போன் நூலின் பெயரை மட்டுமன்றி ஆண்டினையும் நோக்குக. எத்தனை பேரிடம் அளந்தனர் என்பதையும் நோக்குக.

இனித் தமிழைப்பற்றிக் கூறுவேன். தமிழில் உடம்பைப்பற்றிய புதுநூல் எழுத முடியாதென்பார்க்கு விடை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தங்கி, தமிழ் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் கூடி 1867ஆம் ஆண்டில் ‘இரணவைத்தியம்’ என்னும் நூலையும், 1872ஆம் ஆண்டில் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலையும், 1875ஆம் ஆண்டில் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலையும் வெளியிட்டனர். அக்கலைச்சொற்களிற் சில இன்று வழக்கிழந்தன, அதனால் இழுக்கில்லை. முன்னே சென்றவன் வெட்டிய பாதையில் புல் முளைத்தல் பின்னே யாரும் செல்லாமையாலன்றிப் பாதையின் குற்றத்தாலன்று. அவ்வரிசையில் உறுப்பின் அமைப்பைக் கூறும் நூலுண்டு. உறுப்பின் தொழிலைக் கூறும் நூலுண்டு. அறுவை மருத்துவ நூலுண்டு. எடையும் நெம்புகோலும் எண்ணும் கொண்டு உடம்பை விளக்கும் நூல் மட்டும் இல்லை. கிறீன் விட்ட இடம் அது.

மற்றொரு வரலாறும் நம் நெஞ்சைத் தொடற்பாலது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டிற் பிறந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர் 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளைத் திருத்தும் பணியில் தலைப்பட்டார். செயலற்ற தசையின் வேலையைச் செய்யச் செயலுள்ள வேறொரு தசையின் நாணை இடம்மாற்றித் தைத்தல் அச்சிகிச்சையின் நெறி. மாற்றப்படும் தசைக்கு எத்துணை வலிமை? அது எத்துணைத் தொலைவு சுருங்கும்? ஒவ்வொரு விரல் மூட்டிலிருந்தும் அந்நாண் எத்துணைத் தள்ளிச் செல்லும்? இவை மூன்றும் விசையியல் வினாக்களேயாம். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் கை திருந்தாது. தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், உணர்ச்சியிழந்த உறுப்பின்மேல் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் காயமுமே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். அழுத்தமாவது விசையைப் பரப்பால் வகுத்தது. 60 கிலோ எடை 100 சதுர சென்டிமீட்டர் பாதத்தில் பரவினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ, பாதம் உருக்குலைந்து 20 சதுர சென்டிமீட்டர் மட்டும் தரையிற் படுமாயின் 3 கிலோ. வலி என்னும் காவலன் இல்லாத பாதத்திற்கு அவ்வேறுபாடே புண்ணுக்கும் நலத்திற்கும் உள்ள வேறுபாடு. மெத்தென்ற அடியுள்ள செருப்பு அப்பரப்பை விரிக்கும் கருவி.

இவ்வனுபவமெல்லாம் முதிர்ந்து, 1985ஆம் ஆண்டில் ‘கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் தி ஹேண்ட்’ என்னும் ஆங்கில நூலாக அவர் பெயரால் வெளிவந்தது. கையின் விசையியலைக் கற்போர் உலகெங்கும் போற்றும் நூல் அது. அந்நூலாசிரியர் தம் கலையைப் பயின்ற கைகளிற் பல எவருடையவை? வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த ஏழைத் தமிழருடையவை. அவர்கள் கைகளே அக்கலைக்கு ஏடாயின. அவ்வேட்டிலிருந்து பெற்ற அறிவு ஆங்கிலத்தில் இருக்கின்றது. அக்கைகளுக்குரியார் பேசும் மொழியில் எளிதிற் கிடைப்பதன்று. ஆசிரியரைக் குறைகூறுவார் இலர். அவர் உலகிற்கு எழுதினார். வாங்கிய கடனை மொழிக்குத் திருப்ப வேண்டியவர் தமிழ் கற்ற நாமே. இதனையே இக்கட்டுரையில் முதன்மையாகக் கூற விரும்புகின்றேன்.

இதற்கு மறுப்புரைப்பார் கூற்றுக்களையும் நோக்குவோம். ஒரு சாரார், உயர்கல்வி கற்போர்க்கு ஆங்கிலம் தெரியும், தமிழில் எழுதுதல் வீண் என்பர். இயன்முறை மருத்துவம் கற்போன் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். நோயாளியிடம் எம்மொழியிற் பேசுவான்? மூட்டை தூக்குவோனும், நாற்று நடும் பெண்ணும், தறியில் அமர்வோனும், பள்ளி விளையாட்டாசிரியரும் எம்மொழியிற் கேட்பர்? ‘குனியாதே’ என்று கூறத் தமிழ் போதும். ‘ஏன் குனியலாகாது’ என்று கூறத் தமிழ் போதாதென்பது, அவர்கள் ஏவலுக்கே உரியர், காரணத்திற்கு உரியரல்லர் என்று கூறுவதோடொக்கும். அஃது எனக்கு உடன்பாடன்று.

மற்றொரு சாரார், கலைச்சொல் இல்லையே என்பர். சொல் உண்டு, மிகுதியாகவே உண்டு, ஒழுங்கே இல்லை. ஒரே கருத்தினைத் திருப்புத்திறன் என்பாரும், திருப்பு விசை என்பாரும், முறுக்குவிசை என்பாரும் உளர். எலும்பைத் தசையோடு பிணிப்பதனையும் எலும்பை எலும்போடு பிணிப்பதனையும் தசைநார் என்னும் ஒரே சொல்லால் மயங்கக் கூறுவாரும் உளர். முன்னதனைத் தசைநாண் என்றும் பின்னதனைப் பிணைநார் என்றும் பிரித்தாளின் மயக்கமில்லை. இவ்வரையறை செய்தல் பௌதிகர் ஒருவரால் ஆகாது. சொல்லின் பொருளெல்லை கண்டு பழகிய தமிழ் மாணாக்கன் உடனிருத்தல் வேண்டும். உடம்பின் இயக்கத்தை உற்றுநோக்கிச் சொல் வகுத்தல் தமிழுக்குப் புதிதுமன்று. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், காற்று உந்தியிலிருந்தெழுந்து, நெஞ்சும் மிடறும் தலையும் நாவும் இதழும் பல்லும் மூக்கும் அண்ணமும் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறெழுத்தாகப் பிறத்தலை வகுத்துரைக்கின்றது. அதுகொண்டு தமிழர் விசையியல் முழுதும் அறிந்திருந்தனர் எனச் செருக்குதல் தகாது. ஆங்கு நோக்கு உண்டு, அளவு இல்லை. நோக்கு நம் முன்னோர் தந்தது. அளவு நாம் சேர்க்க வேண்டியது.

மூன்றாவது சாரார், ஆய்வுக்கூடமும் பொருளும் இல்லையே என்பர். முதல் ஆய்வுக்கூடம் நம் உடம்பே. இரண்டு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றும், எடைபார்க்கும் கருவி ஒன்றும், இரண்டு சிறு கட்டைகளும் போதும். பலகையின் ஒரு முனையைக் கட்டைமேலும், மறுமுனையை எடைக்கருவிமேல் வைத்த கட்டைமேலும் மட்டமாக வைத்து, பலகைமட்டும் இருக்கும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்க. பின்னர் ஒருவரைத் தலை எடைக்கருவிப் பக்கமும் குதிகால் மறுமுனைக் கட்டைக்கு நேரேயும் இருக்கக் கிடத்துக. கருவி காட்டும் எடையில் முன்குறித்ததைக் கழித்தால் 27 கிலோ எஞ்சுவதாகவும், அவர் எடை 60 கிலோ எனவும் கொள்வோம். 27ஐ 200ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க, குதிகாலிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் அவருடைய எடைமையம் உள்ளதென விளங்கும். அவர் கைகளை மேலே நீட்டினால் எடைமையம் தலைப்பக்கம் நகர்வதையும் கருவியிலேயே காணலாம். பொரேல்லி தேடிய அதனையே நம் கல்லூரிக் கூடத்தில் அரைமணி நேரத்தில் தேடலாம். அவ்வாறே, குதிப்பவன் ஒருவனைக் கைப்பேசியிற் படம்பிடித்து, கால் தரையை விட்டெழுந்தது முதல் மீண்டும் தொட்டது வரையுள்ள படங்களை எண்ணுக. நொடிக்கு 30 படமாக எடுத்ததில் 15 படம் எனின் அரைநொடி. அதுகொண்டு அவன் உடல் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் உயர்ந்ததென்று கணக்கிடலாம். செலவு யாதுமில்லை, ஊக்கம் ஒன்றே வேண்டும்.

ஆகவே, நம் கல்லூரிச் சமூகத்தின்முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். முதலாவது, தமிழ்த்துறை மாணாக்கர் இருவரும் பௌதிகத்துறை மாணாக்கர் இருவரும் உயிர்நூல் துறையினர் ஒருவரும் கூடிய சிறு குழுவொன்று அமைக. வேபர் உடன்பிறந்தார் அமர்ந்த மேசை போன்றதொரு மேசை நம்மிடமும் வேண்டும். பௌதிகர் எண்ணைச் சரிபார்க்க. உயிர்நூலார் உறுப்பைச் சரிபார்க்க. தமிழர் வாக்கியத்தைச் சரிபார்க்க. ஒருவர் ஒப்பாதது அச்சேறாதிருக்க. இரண்டாவது, இம்மலரிலேயே ஆண்டுதோறும் நான்கு பக்கம் இதற்கென ஒதுக்கப்படுக. முதலாண்டில் கை, இரண்டாமாண்டில் இடுப்பும் காலும், மூன்றாமாண்டில் முதுகு எனப் பத்துப் பத்துக் கணக்குகளும் விடைகளும் வெளிவருமாயின், சில ஆண்டுகளில் ஒரு சிறுநூல் தானே உருப்பெறும். பெருநூல் ஒன்றை எண்ணி மலைத்து ஒன்றும் எழுதாதிருத்தலினும் இது நன்று. மூன்றாவது, மருத்துவத்திலும் இயன்முறைச் சிகிச்சையிலும் பொறியியலிலும் விளங்கும் நம் பழைய மாணாக்கர்கள், தாம் பயன்படுத்தி முடித்த இத்துறை நூல்களைக் கல்லூரி நூல்நிலையத்திற்கு அனுப்புவார்களாக. நூலகத்தார் அவற்றை மூன்று அலமாரிக்கும் பங்கிடாது ஒரே தட்டில் வைப்பார்களாக. அவ்வொரு தட்டு, தேடிவரும் முதலாண்டு மாணாக்கனுக்குப் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

தமிழ் கற்றோன் தொழில் பழைய நூலைப் போற்றுவதோடு முடிந்துவிடுமென்று நான் கருதவில்லை. பழைய நூல்களும் ஒருகாலத்திற் புதுநூல்களே. அவற்றை எழுதினோர் தம் காலத்து அறிவைத் தம் மொழியில் வைத்துச் சென்றனர். தடியை எக்கையிற் பிடிப்பதென்று கேட்கும் முதியவர்க்கும், முதுகு வலியோடு மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும், ஆங்கிலப் பாடநூலின்முன் திகைத்திருக்கும் சிற்றூர் மாணாக்கனுக்கும் விடை நம் மொழியில் இருத்தல் வேண்டும். அதற்கு வேண்டும் கணக்கு உலகெங்கும் பொதுவாக உள்ளது. உடம்பு ஒவ்வொருவரிடமும் உள்ளது. சொல் நம்மிடம் உள்ளது. இம்மூன்றையும் ஒன்றுகூட்டும் உழைப்பு ஒன்றே எஞ்சியுள்ளது. அவ்வுழைப்பிற்குப் பிறர் வருவரென்று காத்திராது, நாமே இவ்வாண்டு தொடங்குவோமாக.